பத்துப் பேருக்குக் கீழ்

மழை பொய்த்துப் போன அந்த வருஷம் காற்றில் ஈரம் என்பதே இல்லை. காலையில் அக்கா தலை வாரும்போது சீப்பில் சடசடவென்று பொறி தட்டும். கூடவே மஞ்சள் மஞ்சளாய் ஃபோம் துகள்கள் தோளில் உதிரும். எத்தனை தரம் தலைக்கு ஊற்றினாலும் அது போகாது. காலமெல்லாம் மெத்தை தைத்தவளின் தலை அப்படித்தான் இருக்கும்.

தங்கை அடுப்படியில் நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்க அவளுக்குக் கோணூசி என்றுதான் பெயர். அவளும் ஒரு காலத்தில் அதே பட்டறையில் வேலை பார்த்தவள். முழ நீள ஊசியை மெத்தையின் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வாங்குகிற வேகத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர் அது. பிறகு சங்கம், ஊர்வலம், தேர்தல் என்று போய் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்த பின்னும் பெயர் கூடவே வந்துவிட்டது. அவள் நாக்குக்கும் அது பொருந்தியதால் மாற்ற வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

"இன்னிக்கு சபையா, குழுவா?" என்றாள் அக்கா.

"காலையில சபை. மத்தியானம் குழு."

"சபையில கத்தணும், குழுவில கெஞ்சணும். அப்படித்தானே சொன்னே?"

"இன்னிக்கு ரெண்டுலயும் கத்த வேண்டியிருக்கும் போல."

"அப்ப டீ வேண்டாம், வெந்நி குடி. தொண்டை கட்டிக்கும்."

கோணூசி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நீ இன்னிக்கு வீட்டுலயே இரு அக்கா. ராத்திரி பூரா தலைவலின்னு புரண்டுட்டிருந்தே."

"புது பசை டின் உடைச்சிருக்கான். வாசம் மண்டைக்கு ஏறிடுது. ரெண்டு நாள்ல பழகிடும்."

"பழகுறதுக்கு அது என்ன மருமகளா? போகாதேன்னா போகாதே. நான் சம்பாதிக்கலையா?"

"உன் பதவி அஞ்சு வருஷம்டி. அதுவும் உங்க ஆட்சி நிலைச்சா. என் ஊசி, என் கண்ணு தெரியுற வரைக்கும்."

அக்கா ரொட்டியை டீயில் தோய்த்து அவசரமாகத் தின்றுவிட்டுக் கிளம்பினாள். தாமதமாகப் போக முடியாது. எல்லோரும் உள்ளே போனதும் பட்டறை முதலாளி மெத்தைக்காரர் கதவைப் பூட்டிவிடுவார்.

பட்டறை ஒரு பஞ்சுக் கிடங்குக்கு மேலே இருந்தது. தகரக் கூரை. வேலையாட்கள் ஏறுவதற்கு ஒரு படி, பின்பக்கம் சரக்கு இறக்க ஒரு இரும்பு ஏணி. ஏணி வாசல் எப்போதும் மெத்தைகளால் மறைந்துதான் கிடக்கும். படியின் தலைமாட்டில் ஒரு கம்பிக் கதவு. அதைப் பூட்டிவிட்டுச் சாவியோடு மெத்தைக்காரர் கீழே கடையில் உட்கார்ந்திருப்பார். துணி களவு போகிறது, பெண்கள் வெளியே போய்க் கதை பேசுகிறார்கள் என்று அவருக்குக் காரணங்கள் இருந்தன. யாராவது ஏதாவது கேட்டால், "இத்தனை வருஷத்துல என்ன ஆகிடுச்சு?" என்பார்.

துறைமுகப் பக்கம் ஒரு குடைப் பட்டறையில் ஆகிவிட்டது. முந்தின வருஷம் அது பற்றி எரிந்தபோது சாவி வைத்திருந்தவன் சாப்பிடப் போயிருந்தான். பிணங்கள் கதவை ஒட்டிக் கிடந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த வாரமே கோணூசி இந்த அடுப்படியில் உட்கார்ந்து மசோதாவின் முதல் பிரிவை எழுதினாள். பெரிய பெரிய வார்த்தையாகப் போட்டதையெல்லாம் அக்கா அடிக்க வைத்தாள். கடைசியில் ஒரு வரிதான் மிஞ்சியது: உள்ளே ஆட்கள் வேலை செய்யும்போது எந்த வேலையிடத்தின் கதவையும் வெளியிலிருந்து பூட்டக் கூடாது.

அன்று காலை சபையில் எதிர்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து, "மாண்புமிகு உறுப்பினரை இப்படியே விட்டால், நாளைக்கு நம் வீட்டுக் கதவையும் திறந்துபோட்டுத் தூங்கச் சொல்வார்" என்றார். சபை சிரித்தது.

கோணூசி எழுந்தாள். "மாண்புமிகு உறுப்பினர் தன் வீட்டை உள்பக்கமாகத்தான் தாழ் போடுகிறார் என்று நம்புகிறேன். வெளிப்பக்கமாக யாராவது போடுகிறார்கள் என்றால் என்னிடம் சொல்லட்டும். முதல் ஆளாக வந்து திறந்துவிடுகிறேன்."

மேசைகளைத் தட்டுகிற சத்தத்தில் சபாநாயகரே தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ஆளுங்கட்சிக் கொறடா மட்டும் தட்டவில்லை. வழுக்கைத் தலையும் மெல்லிய குரலும் கொண்ட அந்த மனிதர், யார் யார் சிரிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் குழுக் கூட்டம். நீள மேசை, யாரும் தொடாத பிஸ்கட் தட்டு, தலைக்கு மேலே முனகுகிற மின்விசிறி. தலைவர் ஒரு வயதான டாக்டர். நாடி பிடித்த பழக்கத்தில் யார் பேசினாலும் அவர்கள் முகத்தை உற்றுப் பார்ப்பார். எதிரே ஆலைக்காரர். மூன்று மாவு ஆலைகளுக்குச் சொந்தக்காரர். குரலை உயர்த்தாமல் பேசுவார், அதனால்தான் அவர் பேச்சு எடுபடும்.

"அம்மா சொல்றதுல எனக்கு மறுப்பே இல்ல. என் ஆலையில எல்லாக் கதவும் திறந்துதான் கிடக்குது, எப்ப வேணா வந்து பாருங்க. நான் பேசுறது சின்ன ஆளுங்களுக்காக. ஒரு தையல் கடைன்னு வைங்க. புருஷன், பொண்டாட்டி, மச்சினி, கூலிக்கு நாலு பேர். அவன் நூல் வாங்கப் போறப்ப பூட்டிட்டுப் போறான். திருட்டு பயம். காவலுக்கு ஆள் வைக்க அவனால ஆகுமா? வாடகைக் கட்டடத்துல இன்னொரு வாசல் இடிக்க முடியுமா? அவனைப் பிடிச்சு ஜெயில்ல போடப் போறோமா?"

"கூலிக்கு வந்த அந்த நாலு பேரு?"

"அவங்களுக்கும் அந்தக் கடைதானே அம்மா சோறு போடுது? கடைய மூடிட்டா கதவு திறந்திருந்து என்ன புண்ணியம்? பத்துப் பேருக்குக் கீழ வேலை செய்யுற இடத்துக்கு விலக்குக் கொடுங்க. மத்ததுக்கெல்லாம் நான் கை தூக்குறேன். என்கூட இன்னும் மூணு பேர் தூக்குவாங்க."

"நெருப்பு வந்து தலை எண்ணிப் பாக்குமா?"

"நெருப்பு எண்ணாதும்மா. அதிகாரி எண்ணுவான். பொட்டிக் கடை வரைக்கும் அதிகாரிய அனுப்ப நம்மகிட்ட ஆளும் இல்ல."

டாக்டர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார்.

நடைபாதையில் கொறடா காத்திருந்தார். "தங்கச்சி" என்றார். அவர் அப்படிக் கூப்பிட்டால் எதையோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

"வெள்ளிக்கிழமையோட கூட்டத்தொடர் முடியுது. குழு ஒத்துப்போகலேன்னா மசோதா அலமாரிக்குள்ள போயிடும். அடுத்த தொடர்ல நாம ஆளுங்கட்சியா இருப்போமாங்கறதே நிச்சயமில்ல. முக்காவாசி கிடைக்குது. வாங்கிக்கோ."

"மீதிக் காவாசி யாருண்ணே?"

"அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல பாய் விரிக்க இடம் கிடைக்கட்டும், பிறகு காலை நீட்டிக்கலாம்."

கோணூசி சுவரைப் பார்த்தபடி நின்றாள். அவள் கேட்காமலே மனம் அக்காவின் பட்டறையில் தலைகளை எண்ணத் தொடங்கியிருந்தது. சூட்டுக் கம்பியில் ஃபோம் அறுக்கிற கம்பிக்காரர், பசை தடவுகிற இரண்டு பேர், மெஷினில் ஓரம் அடிக்கிறவர்கள், ஊசிக்காரிகள். பதினாலு பேர். பத்துக்கு மேலே. அக்காவுக்கு ஒன்றும் வராது.

நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. அதற்குப் பிறகுதான் மற்ற நியாயங்களெல்லாம் வந்தன. எத்தனையோ பெரிய பட்டறைகள் திறக்கும், எத்தனையோ பேர் பிழைப்பார்கள் என்று. அவை பொய்யும் இல்லை. அவள் உள்ளே போய், "சரி" என்றாள்.

வெள்ளிக்கிழமை சபாநாயகர், "ஆம் என்போர் அதிகம்" என்று அறிவித்தார். யாரோ பூங்கொத்து கொடுத்தார்கள். ஆலைக்காரர் குறுக்கே நடந்து வந்து கை குலுக்கினார். சாயங்காலம் அக்கா முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"எல்லா இடத்துக்கும்தானே?"

"பத்துப் பேரு, அதுக்கு மேல இருக்கிற இடத்துக்கு."

முட்டை கருகத் தொடங்கியது. அக்கா அதைத் திருப்பிப் போட்டாள்.

"நாங்க பதினாலு பேர்."

"ஆமா."

"நல்லா எண்ணித்தான் வச்சிருக்கே."

அது பாராட்டா குத்தலா என்று தெரியவில்லை. கோணூசி கேட்கவும் இல்லை.

சில வாரங்கள் கம்பிக் கதவு திறந்து கிடந்தது. "படி வழியா காத்து வருதுடி. பசை வாசம் பாதி குறைஞ்சுபோச்சு" என்று அக்கா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். வெயில் ஏறியது. தெருவில் மின்கம்பிகள் உரசிப் பொறி கொட்டின. தண்ணீர் லாரி வருவது குறைந்தது.

பிறகொரு சாயங்காலம் அக்கா வந்தபோது அவள் தலையில் ஃபோம் துகளோடு மரத்தூளும் இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"எங்களை ரெண்டா வெட்டிட்டான்."

"யாரு? என்னக்கா சொல்றே?"

"நடுவுல பிளைவுட் அடிச்சு அடைச்சுட்டான். தரையிலேருந்து கூரை வரைக்கும். அந்தப் பக்கம் ஏழு பேர், அவன் மச்சான் கம்பெனி. இந்தப் பக்கம் ஏழு பேர், அவன் கம்பெனி. வாசல்ல போர்டும் ரெண்டு மாட்டியாச்சு."

கோணூசிக்குக் கையில் இருந்த பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"படி எந்தப் பக்கம்?"

"படி அவங்க பக்கம் போயிடுச்சு. எங்களுக்குப் பின்னால சரக்கு ஏணிதான். அங்க இருந்த மெத்தையெல்லாம் இழுத்துட்டு, புதுசா ஒரு கம்பிக் கதவு போட்டு, அதுக்கொரு பூட்டு."

"பூட்டுறானா? இப்பவுமா?"

"முன்னே பூட்டுறப்ப திருடன் மாதிரி சத்தமில்லாம பூட்டுவான். கூப்பிட்டா முணுமுணுத்துக்கிட்டாவது ஓடி வருவான். அவனுக்கும் உள்ளுக்குள்ள ஒரு உதறல் இருந்துச்சு. இன்னிக்கு எல்லாரும் பாக்கப் பூட்டினான். சாவிய சட்டைப்பையில போட்டுக்கிட்டு, வண்டிய எடுத்துக்கிட்டுப் போயே போயிட்டான். சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தான். என்னய்யா இதுன்னு நான் கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா?"

"என்ன சொன்னான்?"

"'உன் தங்கச்சியே எனக்கு எழுதிக் கொடுத்திருக்கா'ன்னான்."

அக்கா அழவில்லை. குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்தாள். அது சிக்கிக்கொண்டது. கோணூசி உட்கார்ந்து அதை அவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் அவள் பட்டறைக்குப் போனாள். மெத்தைக்காரர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் தைத்த காலத்தில், "ஏ கோணூசி, கையா அது, கட்டையா?" என்று கத்தியவர்.

"வாங்கம்மா. உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

"பூட்டைத் திறங்க."

"திறக்கிறேன். நீங்க சொன்னா திறக்காம இருப்பேனா? பாத்துட்டு வாங்க. ஏழு பேர்தான், எண்ணிக்கோங்க. அந்தப் பக்கம் மட்டும் என்னால திறக்க முடியாது. அது மச்சானோடது."

"ஒரே கூரை. ஒரே மீட்டர். ஒரே பசை டின். யாரை ஏமாத்துறீங்க?"

"மீட்டர் ரெண்டு வாங்கியாச்சும்மா."

"இவ்வளவு மெனக்கெட்டுப் பூட்டணுமா? நானும் உங்ககிட்ட வேலை பாத்தவதானே? நாங்க எதை எடுத்துட்டுப் போனோம்?"

அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. "கதவு திறந்து கிடந்த நாள்ல ரெண்டு சுருள் துணி காணாமப் போச்சும்மா. யாருன்னு நான் கேக்கல. கேட்டா கொடியத் தூக்கிக்கிட்டு வருவீங்க. நான் கெட்டவன் இல்ல. உங்க சட்டம் வர்றதுக்கு முன்னாடி, செய்யுறது தப்புன்னு மனசு அரிச்சுக்கிட்டே இருக்கும். குடைப் பட்டறை எரிஞ்சப்ப பல நாள் எனக்குத் தூக்கமே இல்ல. இப்ப நிம்மதியாத் தூங்குறேன்."

அவர் இரும்பு ஏணியில் முன்னே ஏறிப் பூட்டைத் திறந்தார். உள்ளே கால் வைத்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. பாதியாகிப் போன இடத்தில் மெத்தைகள் கூரையை முட்டின. சூட்டுக் கம்பி சிவந்து நின்றது. ஃபோம் அதில் நழுவும்போது நூல் நூலாகப் புகை எழுந்தது. அதிலிருந்து இரண்டு கை தூரத்தில் திறந்த பசை டின்.

"அதை நகர்த்தி வைங்க" என்றாள் கோணூசி.

கம்பிக்காரர் நிமிர்ந்தார். "எங்க நகர்த்த? இந்தப் பக்கம் பலகை, அந்தப் பக்கம் மெத்தை. தலையில வச்சுக்கவா?"

பெண்கள் சிரித்தார்கள். ஆனால் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மெஷின்கள் நிற்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ விடாமல் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் கீழ இறங்குங்க. நான் பேசிக்கிறேன். இவரு பூட்டை எடுக்காம யாரும் மேல ஏற வேண்டாம்."

ஒருத்தியும் எழவில்லை. அக்கா மட்டும் ஊசியை மெத்தையில் குத்திவிட்டு அருகே வந்து, "நீ கிளம்பு" என்றாள் மெதுவாக. "நாளைக்கு நாங்க இங்கதான் வரணும்."

தொழிலாளர் அலுவலகத்தில் அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டி அவள் எழுதிய பிரிவையே அவளுக்கு வாசித்துக் காட்டினார். கொறடாவிடம் போனாள். "அடுத்த தொடர்ல ஒரு திருத்தம் கொண்டு வருவோம் தங்கச்சி" என்றார். எப்போது என்று கேட்டாள். "முதல்ல இந்த நிதிக் கோரிக்கை தாண்டட்டும். அதுவரைக்கும் எனக்கு மூச்சுவிட நேரமில்ல."

நிதிக் கோரிக்கைக்காக அவசரமாகச் சபை கூடியது. கூட்டணியில் ஒரு சிறு கட்சி விலகிவிட்டதால் அரசுக்கு அன்று ஒவ்வொரு கையும் வேண்டியிருந்தது. வாக்கெடுப்பு பிற்பகலில். அன்று காலை கோணூசி அக்காவோடு பட்டறைக்குக் கிளம்பினாள்.

"சபைக்குப் போகலையா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள் அக்கா. "அவங்க உன்னைத் தேடுவாங்கடி."

"தேடட்டும்."

இரும்பு ஏணியில் ஏறி, காலியாகக் கிடந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். மெத்தைக்காரர் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். பிறகு ஒவ்வொருவராய் விரல் நீட்டி எண்ணினார்.

"உங்களைச் சேத்தாலும் எட்டுதான்மா" என்று சொல்லிவிட்டுப் பூட்டினார். அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

கை மறக்கவில்லை. இரண்டு தையலுக்குள் ஊசி பழைய வேகத்தைப் பிடித்துக்கொண்டது. முட்டியால் மெத்தையை அமுக்கி, நூலை இழுத்து, முடிச்சுப் போட்டு, அடுத்ததற்கு நகர்ந்தாள். வெயில் ஏற ஏறத் தகரம் படபடத்தது. பசை வாசம் கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு முறை எடுத்து, தான் எங்கே இருக்கிறாள் என்று சொன்னாள்.

கொறடா தாமே வந்துவிட்டார். ஏணியில் ஏறி வந்த மூச்சு அடங்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன விளையாட்டு தங்கச்சி இது? அங்க ஒவ்வொரு தலைக்கும் நான் தண்ணி லாரிக்குக் குடத்தோட நிக்கிறவன் மாதிரி நிக்கிறேன். கிளம்பு."

"நான் தயார்தாண்ணே. கதவுதான் பூட்டியிருக்கு."

"சாவி எங்க?"

"சட்டைப்பையில. சட்டை எந்த ஊர்ல இருக்குன்னு தெரியல."

அவர் போன் போட்டார். மெத்தைக்காரர் எடுக்கவில்லை. டிரைவரைக் கடைக்கு அனுப்பினார். கடையில் ஆள் இல்லை. மச்சான் வீட்டுக்கு அனுப்பினார். நேரம் போய்க்கொண்டிருந்தது. "உடைச்சா என்ன?" என்று கேட்டுவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். ஆளுங்கட்சிக் கொறடா அடுத்தவன் பட்டறைப் பூட்டை உடைத்தார் என்று சாயங்காலப் பத்திரிகையில் வரும்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. காத்தே அந்தக் கம்பி வழியாத்தான் வருது" என்றாள் ஒருத்தி உள்ளேயிருந்து. அவர் வெட்கப்பட்டு நகர்ந்து நின்றார்.

அப்போதுதான் அது நடந்தது. கம்பிக்காரர் ஒரு பெரிய ஃபோம் பாளத்தை அறுத்துக்கொண்டிருந்தார். சூட்டுக் கம்பி திணறி, அறுந்து, துள்ளியது. சிவந்த முனை கழிவு ஃபோம் குவியலில் போய் விழுந்தது. முதலில் ஒரு கருந்துளை. பிறகு அந்தத் துளையின் ஓரம் கொதிக்கிறது போல உருகி, கறுப்புப் புகை ஒரே வீச்சில் கூரையைத் தொட்டது. யாரும் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு இல்லை. அக்கா குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கம்பிக்காரர் கோணியை அதில் முக்கி அடித்தார், மறுபடி முக்கி அடித்தார். கோணூசி பசை டின்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடி, ஓடுவதற்கு இடமில்லாமல் கம்பிக் கதவில் மோதி நின்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் கொறடாவின் முகம். அவர் இரண்டு கையாலும் கம்பிகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் குரல் உயர்த்தாத மனிதர் தெருவைப் பார்த்து, "திறங்கடா! யாராவது வந்து திறங்கடா!" என்று கத்தினார். கீழே ஒரு நாய் அண்ணாந்து பார்த்தது. பலகைக்கு மறுபக்கம் ஏழு பேர் கையால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நெருப்பு அணைந்துவிட்டது. தண்ணீரும் கோணியும் போதுமாயிருந்தன. குடம் காலி. கம்பிக்காரர் புறங்கை வெந்து வெளுத்திருந்தது. அவர் அதைப் பார்க்காமல், "குடிக்கத் தண்ணியில்லாமப் பண்ணிட்டேன், எல்லாரும் மன்னிக்கணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மெத்தைக்காரர் வந்து பூட்டைத் திறந்தபோது கொறடாவின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கைகள் கம்பியின் துரு ஒட்டிச் சிவந்திருந்தன.

"நாளைக்கே குழுவைக் கூட்டுறேன்" என்றார் அவளிடம். "அடுத்த தொடர் வேண்டாம். நாளைக்குக் காலையில. டாக்டர்கிட்ட இப்பவே பேசுறேன். நீ வந்து கை தூக்கு. இந்த ஓட்டுப் போச்சுன்னா ஆட்சி போச்சு. ஆட்சி போச்சுன்னா திருத்தம் ஏது?"

அவர் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா நனைந்த கோணியைப் பிழிந்து கொண்டிருந்தாள்.

"போய்ட்டு வா" என்றாள் அக்கா. "இந்தத் தடவை எண்ணாம வாங்கிட்டு வா."

"நீயும் வா அக்கா. எல்லாரும் வாங்க. இதுக்கப்புறமும் இங்க உக்காரணுமா?"

"சாயங்காலம் வண்டி வருது. இந்த உருப்படியெல்லாம் முடிச்சாகணும். போடி, நேரமாகுது."

அவள் இறங்கினாள். முன்னால் கொறடா. பாதி ஏணியில் இருக்கும்போது மேலே பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. கொறடா நின்றார். அண்ணாந்து பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். தொடர்ந்து இறங்கினார். அவளும் இறங்கினாள்.

சபையில் அவள் கை தூக்கியபோது பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுளித்து, "என்னமோ கருகுற வாசம் வருதே" என்றார். அரசு பிழைத்தது.

கொறடா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் காலை குழு கூடியது. அதே மேசை, அதே பிஸ்கட் தட்டு. விலக்கை எடுத்துவிட வேண்டும் என்ற திருத்தத்தை டாக்டர் வாசித்தார். நேற்று நடந்ததை ஆலைக்காரர் கேள்விப்பட்டிருந்தார். கைக்குட்டையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் மனசு கேக்கலம்மா. பத்துங்கறது அதிகம்தான். ஒத்துக்கிறேன். ஆறுன்னு வச்சுக்கலாமா?"

"எந்த எண்ணும் வேண்டாம்" என்றாள் கோணூசி.

"அப்ப அஞ்சு. அஞ்சுக்குக் கீழன்னா அது குடும்பம்தானே? நாலு பேர் இருக்கிற வீட்டுக்குள்ளயா நாம..."

"அஞ்சுன்னா என் பக்கம் எல்லாரும் ஒத்துக்குவாங்க" என்றார் இன்னொருவர். டாக்டர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். மூலையில் உட்கார்ந்திருந்த கொறடா, வாங்கிக்கோ என்பது போல மெல்லத் தலையை அசைத்தார்.

அப்போது தெருவில் தீயணைப்பு வண்டியின் மணி கேட்டது.

கோணூசி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கட்டடத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் திரும்பினால் சந்தை, பஞ்சுக் கிடங்கு, அக்கா. வலப்பக்கம் ஆற்றங்கரை. சிவப்பு வண்டி காற்றில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. முனையில் வேகம் குறைந்தது. அவள் ஜன்னல் சட்டத்தை இறுக்கிப் பிடித்தாள். வண்டி வலப்பக்கம் திரும்பியது.

"அப்பாடா" என்று மூச்சு விட்டாள்.

விட்ட மூச்சு வாயிலேயே நின்றது. ஆற்றங்கரையில் பெரிய ஆலைகள் எதுவும் இல்லை. செருப்புத் தைக்கிறவர்கள், அட்டைப்பெட்டி ஒட்டுகிறவர்கள், பொம்மைக்குச் சாயம் அடிக்கிறவர்கள். ஒரு அறையில் நாலு பேர், இன்னொரு அறையில் ஆறு பேர். தேர்தலுக்கு அவள் அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறாள். பெட்டி ஒட்டுகிற ஒருத்தி ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கை நீட்டி அவள் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறாள். அன்று அந்தக் கதவு ஏன் திறக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை.

"வந்து உக்காருங்கம்மா" என்றார் டாக்டர் பின்னாலிருந்து. "நம்ம பக்கம் இல்ல. வேற எங்கேயோ."

அவள் உட்காரவில்லை. மேசையருகே வந்து நின்றாள்.

"எங்கேன்னு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்த அறையில யாரும் எண் சொல்ல வேண்டாம்."

கொறடா போனை எடுத்தார். ஆலைக்காரர் கைக்குட்டையை மடிப்பதை நிறுத்தினார். முதல் வண்டியின் மணி தேய்ந்து மறையும் முன்பே இரண்டாவது வண்டி வந்தது, அதுவும் வலப்பக்கம் திரும்பியது.